காந்தம் ஒட்டாவிட்டால் 304 ஆகிவிடாது: டிரெய்லர் கீல் வாங்குவோர் கவனத்துக்கு

டியர்டிராப் எனப்படும் துளி வடிவக் கேம்பர் டிரெய்லரை வீட்டிலேயே கட்டிக்கொண்டிருப்பவர்கள், அதன் பின்பக்க டிக்கிக் கதவுக்குக் கீல் வாங்கும் முன் இந்தப் பதிவைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மழைநீர் புகாத, 304 தர எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கீல் என்று கோவையில் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் எனக்கு விற்ற பொருள் 304 தரமும் அல்ல, மழையைத் தடுப்பதும் அல்ல என்பது கோத்தகிரியின் ஓர் ஐப்பசி மழையிலேயே வெளிப்பட்டுவிட்டது. டிரெய்லரைப் பதிவு செய்வதிலும் மலைச்சாலையில் இழுத்துச் செல்வதிலும் உள்ள சட்டக் கேள்விகள் வேறு. அவற்றை நான் இங்கே தொடவில்லை.

இவ்வகை டிரெய்லரில் சமையல் மேடை பின்புறம் இருக்கிறது. அதை மூடும் கதவு கூரையின் வளைவைத் தொடர்ந்து கீழே இறங்குவதால், கீலைக் கூரையின் மேலேயே, கதவின் முழு அகலத்துக்கும் குறுக்காகப் பொருத்த வேண்டியிருக்கிறது. கூரையில் விழுந்து பின்பக்கம் வழியும் நீர் முழுவதும் அந்தக் கீலைக் கடந்துதான் இறங்கும். வீட்டுக் கதவின் கீலுக்கு இப்படியொரு வேலை ஒருநாளும் இல்லை. இதற்காகவே அமெரிக்காவில் இவ்வண்டிகளைக் கட்டுவோர் பலரும் ஹரிக்கேன் கீல் எனப்படும் அலுமினியக் கீலைப் பயன்படுத்துகிறார்கள். அதில் நடுக்கம்பியும் இல்லை, அதைச் சுற்றிய குழாய் வடிவக் கணுக்களும் இல்லை. நீளமான இரண்டு பட்டைகளில் ஒன்றின் சுருண்ட விளிம்பு மற்றொன்றின் கொக்கிக்குள் அமர்ந்து திரும்புகிறது, நீர் மேற்பட்டையின் மீதே வழிந்து போய்விடுகிறது. (பட்டைகள் பக்கவாட்டில் நழுவக்கூடியவை என்பதால் இரு முனைகளிலும் தடுப்பு வைக்க வேண்டும்.) ஒரே நீளக் கம்பியில் கணுக்களை வரிசையாகக் கோத்த பியானோ கீலிலோ ஒவ்வொரு கணுவுக்கும் இடையே ஓர் இடுக்கு உண்டு, அத்தனை இடுக்குகளும் நீருக்கு வழிதான்.

நான் ஹரிக்கேன் கீலின் படத்தையும் அளவையும் அனுப்பித்தான் விசாரித்தேன். அதே வேலையைச் செய்யும் கீல் தம்மிடம் இருப்பதாகவும், தகட்டின் கனம் 1.5 மி.மீ. என்றும், ஒரு சொட்டு நீர்கூட இறங்காது என்றும் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதினார். முன்பணம் கொடுக்க நேரில் சென்றபோது மாதிரித் துண்டு ஒன்றை எடுத்து அதன் மேல் காந்தத்தை வைத்துக் காட்டி, "பாருங்க சார், ஒட்டவே இல்லீங்க, அசல் 304 தானுங்க" என்றார். பார்சலில் வந்தது, அடியில் ரப்பர் பட்டை ஒட்டிய பியானோ கீல். உடனே தொலைபேசியில் கேட்டதற்கு, அந்த ரப்பர்தான் மழையைத் தடுக்கும் என்று உறுதியாகச் சொன்னார்.

அந்தக் காந்த வித்தையைச் சற்று விளக்கியாக வேண்டும். 304 தரத்தில் குறைந்தது 8 சதவீதம் நிக்கல் இருக்க வேண்டும். விலை மலிவான 202 தரத்தில் நிக்கல் 4 முதல் 6 சதவீதம்தான். குறைத்த நிக்கலுக்கு ஈடாக மாங்கனீசைச் சேர்க்கிறார்கள். எளிதில் துருப்பிடிக்கும் இந்த 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது. ஆகவே அந்தச் சோதனை 430 போன்ற காந்தம் ஒட்டும் தரங்களையும் சாதாரண இரும்பையும் பிரித்துக் காட்டுமே தவிர, 304-க்கும் 202-க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டவே காட்டாது. எஸ்.எஸ். விற்பவருக்கு இது தெரியாமல் இருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. மேலும், அவர் காந்தத்தைத் தகட்டின் மேல்தான் வைத்தாரே ஒழிய நடுக்கம்பியின் மேலோ, உடன் தந்த திருகுகளின் மேலோ வைக்கவில்லை.

மழை தொடங்கிய சில நாட்களிலேயே ரப்பர் பட்டையின் பசை விட்டுப்போனது. சமையல் மேடையில் நீர் தேங்கியது. கதவின் மேல்விளிம்பில் பிளைவுட் ஊறிப் பருத்தது. ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரநிலைப்படியான, நீரைத் தாங்கும் மரைன் பிளைவுட்டாகவே இருந்தாலும் வெட்டிய விளிம்பில் தொடர்ந்து ஈரம் நின்றால் தாங்குவதற்கு ஓர் அளவு உண்டு. மழை விட்ட நாட்களிலும் கோத்தகிரியின் மூடுபனி கீலை உலரவிடவில்லை. கணுக்களிலிருந்து பழுப்புக் கோடுகள் இறங்கத் தொடங்கியதும் கீலைக் கழற்றி, குன்னூரில் தெரிந்த வெல்டிங் பட்டறைக்குக் கொண்டு சென்றேன். பழைய உலோகம் வாங்குவோர் மாங்கனீசைக் கண்டறியப் பயன்படுத்தும் சோதனைத் திரவத்தை அங்கே ஒரு சொட்டு விட்டு, சிறு பேட்டரியின் முனைகளைத் தொட வைத்தார்கள். சில நொடிகளில் சிவந்துவிட்டது. 304 அப்படிச் சிவக்காது. நடுக்கம்பியில் காந்தம் இறுகப் பிடித்துக்கொண்டது. இழுத்து உருவாக்கிய 304 கம்பியும் லேசாக ஈர்க்கும் என்றாலும் இது முலாம் பூசிய சாதாரண இரும்பு என்பது துருவிலேயே தெரிந்தது. திருகுகளும் அப்படியே. வெர்னியர் வைத்து அளந்ததில் தகட்டின் கனம் 0.8 மி.மீ. மட்டுமே இருந்தது. கதவைத் தாங்கும் கேஸ் ஷாக்குகள் (வாயு அழுத்தத் தண்டுகள்) கதவு மூடியிருக்கும்போதும் கீலைத் தள்ளிக்கொண்டே இருக்கும் என்பதால், அந்த மெல்லிய தகடு இரண்டு இடங்களில் வளைந்தும் போயிருந்தது.

புகைப்படங்களை அனுப்பிப் பணத்தைக் கேட்டபோது கடைக்காரர் முதலில் மலைக் காலநிலையைக் குறை சொன்னார்; பிறகு, வெட்டித் தந்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்றார்; அதன்பின் அழைப்பை எடுக்கவில்லை. அவர் தந்த பில்லில் "எஸ்.எஸ். கீல்" என்று மட்டுமே இருக்கிறது, தரம் இல்லை. நல்லவேளையாக 304 என்றும் 1.5 மி.மீ. என்றும் அவரே எழுதிய வாட்ஸ்அப் செய்திகள் என்னிடம் இருக்கின்றன. இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. கடை கோவையில் இருந்தாலும் வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே, 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம்; 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டேன். அதில் தீர்வு வராவிட்டால் உதகையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வேன்.

வாங்கப்போகிறவர்கள் தகடு, நடுக்கம்பி, திருகு மூன்றின் தரத்தையும் கனத்தையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். பியானோ கீல்தான் கிடைக்கிறது என்றால், கீலுக்கு முன்பாகக் கூரையில் ஒரு முனையை இறுக்கி, கணுக்களை முழுவதும் மூடித் தொங்கும் அகலமான ரப்பர் மடிப்பைக் கீலின் மேற்பக்கம் போடுங்கள். அடியில் ஒட்டும் பட்டை எதற்கும் உதவாது. எந்தக் கீலானாலும் பியூட்டைல் டேப்பின் (நீர் புகாமல் அடைக்கும் பிசினான ரப்பர் பட்டை) மீது உட்காரவைத்துத் திருகுங்கள். ஏற்கெனவே இதேபோல் ஏமாந்தவர்கள் கழற்றிய கீலைத் துடைக்காமல், துருவோடும் திருகுகளோடும் அப்படியே எடுத்து வையுங்கள்; ஆணையத்தில் அதையே சான்றாகக் காட்டலாம்.