ஸ்நாப் 4டிஎக்ஸ் பிளஸ் கிட்: நல்லதுதான், ஆனால் இது மட்டும் போதாது

எங்கள் சிப்பிப்பாறை நாய்க்கு ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போனதும் டாக்டர் முதலில் எடுத்தது நாய் ரத்தத்தைச் சோதிக்கிற இந்தக் கிட்டைத்தான். 3 சொட்டு ரத்தம், 8 நிமிடம். நீலப் புள்ளி வந்தால் பாசிட்டிவ். உண்ணி பரப்பும் எர்லிக்கியா, அனாபிளாஸ்மா, லைம் கிருமிகளுக்கான எதிர்ப்பொருளையும் இதயப்புழுவையும் காட்டும். எங்களுக்கு எல்லாமே நெகட்டிவ். ஆனால் சிவப்பணுவை உடைக்கிற பபீசியா என்ற ஒட்டுண்ணியை இது பார்ப்பதே இல்லை! நல்லவேளை, டாக்டர் அதோடு விடவில்லை. காது நுனியில் குத்தி, ஒரு சொட்டை ஸ்லைடில் இழுத்து, ஜீம்சா சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். சிவப்பணுக்களுக்குள் குட்டிக் குட்டி மோதிரம் போல பபீசியா கிப்சோனி. வேகத்துக்காகக் கிட்டைத் தாராளமாகப் பாராட்டலாம். ஆனால் நெகட்டிவ் என்றதும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். இப்படி ஸ்லைடில் ரத்தம் இழுத்து ஸ்மியர் பார்க்கச் சொல்லுங்கள். அதிலும் தெரியாவிட்டால், கிருமியின் டிஎன்ஏவைத் தேடுகிற பிசிஆர் சோதனை.