630 மீட்டரா, 2200 மீட்டரா? சிறிய கொல்லைப்புறத்திலிருந்து தாழ் அதிர்வெண் ஹாம் ரேடியோ

அமெரிக்காவில் ஜெனரல் அல்லது அதற்கு மேற்பட்ட வகுப்பு உரிமம் வைத்திருக்கும் ஹாம்களுக்கு, அதாவது பொழுதுபோக்காக வானொலியில் ஒலிபரப்புவோருக்கு, 2017-இல் அந்நாட்டின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. அலைநீளத்தால் பெயர்பெற்ற இரண்டு அதிர்வெண் பட்டைகளைத் திறந்துவிட்டது. 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ளது 2200 மீட்டர் பட்டை. 472 முதல் 479 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ளது 630 மீட்டர் பட்டை. கறாராகப் பார்த்தால் முதலாவது மட்டுமே தாழ் அதிர்வெண். இரண்டாவது நடு அதிர்வெண்ணின் அடிப்பகுதி. ஆனால் இரண்டும் கேட்கும் கைவேலை ஒரே வகையானது என்பதால், புதிதாக வருபவர் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே தொடங்குகிறார். பன்னிரண்டு மீட்டர் உயரத்துக்கு மேல் கம்பி ஏற்ற முடியாத ஒரு புறநகர் வீட்டிலிருந்து நான் 630 மீட்டரைத் தேர்ந்தெடுத்தேன். அதே நிலையில் இருப்பவருக்கு அதையே பரிந்துரைப்பேன்.

அலைவாங்கி இந்தத் தேர்வைத் தீர்மானிப்பதில்லை. ஐகாம் 7300 போன்ற பல புதிய கருவிகள் 30 கிலோஹெர்ட்ஸ் வரை இறங்கிக் கேட்கும். குறைந்த திறனில் சமிக்ஞை எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று சோதிக்கும் டபிள்யூ.எஸ்.பி.ஆர். போன்ற மெதுவான இலக்கமுறைகள் இரு பட்டைகளிலும் உண்டு. கோடைக்கால இடிமின்னலும், அக்கம்பக்கத்து மின்வழங்கிகளின் இரைச்சலும் இரண்டையும் தொல்லை செய்கின்றன. தீர்மானிப்பது ஒலிபரப்பும் ஆன்டெனா. அதிலும் குறிப்பாக அதன் கதிர்வீச்சுத் தடை, அதாவது ஆன்டெனாவின் மொத்தத் தடையில் மின்திறனை வானொலி அலைகளாக வெளியேற்றும் பங்கு.

அலைநீளத்தோடு ஒப்பிட மிகக் குட்டையான செங்குத்துக் கம்பியின் கதிர்வீச்சுத் தடை, உயரத்தை அலைநீளத்தால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. பன்னிரண்டு மீட்டர் செங்குத்துக் கம்பியும் அதன் உச்சியிலிருந்து கிடையாக ஓடும் முப்பது மீட்டர் கம்பியும் இருப்பதாகக் கொள்வோம். செங்குத்துக் கம்பி முழுவதும் மின்னோட்டம் சீராக ஓடச் செய்யும் தன் வேலையை மேற்கம்பி குறையின்றிச் செய்வதாகவே கணக்கிட்டாலும், 475 கிலோஹெர்ட்ஸில் அதன் கதிர்வீச்சுத் தடை ஏறத்தாழ 0.57 ஓம், 137 கிலோஹெர்ட்ஸில் 0.047 ஓம் மட்டுமே. அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. தரையிணைப்பிலும், ஆன்டெனாவை ஒத்திசைக்கும் சுருளிலும் திறனை வீணாக்கும் இழப்புத் தடையோ அதிர்வெண் குறையக் குறையக் கூடுகிறது. சாதாரண வீட்டுத் தரைக்கு 630 மீட்டரில் 25 ஓம், 2200 மீட்டரில் 80 ஓம் என்று வைத்துக்கொள்வது நியாயமாக இருக்கும். மண்ணுக்கு மண் இது மாறும்.

இனி, எல்லாத் திசைகளிலும் சமமாக வீசும் ஒரு கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்டு அளக்கும் சமதிசைக் கதிர்வீச்சுத் திறன், அதாவது இ.ஐ.ஆர்.பி., 1 வாட் வர வேண்டுமென்றால், 630 மீட்டரில் ஆன்டெனாவுக்கு 15 வாட் போதும். அதே கம்பியில் 2200 மீட்டரில் ஏறத்தாழ 560 வாட் வேண்டும். 2200 மீட்டரில் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவே அந்த 1 வாட்தான். 630 மீட்டரில் அலாஸ்காவின் ஒரு பகுதி நீங்கலாக 5 வாட் வரை போகலாம், அதற்கும் 75 வாட் போதுமானது. கால் வாட்டுக்கும் குறைவாகத் தரும் சிறிய டபிள்யூ.எஸ்.பி.ஆர். கருவித் தொகுப்பை நேரடியாக இணைத்தால்கூட 630 மீட்டரில் பத்து மில்லிவாட்டுக்கு மேல் வெளியேறும். குளிர்கால இரவுகளில் சில நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிலையங்கள் என் சமிக்ஞையைப் பதிவு செய்தது அந்த அளவில்தான். 2200 மீட்டரில் அதே கருவியிலிருந்து அரை மில்லிவாட்கூட வெளிவராது.

திறனோடு மின்னழுத்தத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேற்சொன்ன கம்பியின் மின்தேக்குத்திறன் சுமார் 250 பிக்கோஃபாரட். அதை ஒத்திசைக்க 630 மீட்டரில் 450 மைக்ரோஹென்றி சுருள் தேவை. பெரிய பிளாஸ்டிக் வாளியொன்றின் மேல் நாற்பத்தைந்து சுற்றுகளில் அது முடிந்துவிடும். 2200 மீட்டரில் 5.4 மில்லிஹென்றி தேவை. அதே விட்டத்தில் இருநூறு சுற்றுகளைத் தாண்டும், இழப்பைக் குறைக்க, காப்பிட்ட மெல்லிய இழைகள் பலவற்றை முறுக்கிய லிட்ஸ் கம்பியும் தேவைப்படும். 1 வாட் இ.ஐ.ஆர்.பி.யின்போது சுருளின் மேல்முனையில் நிற்கும் மின்னழுத்தம் 630 மீட்டரில் ஓராயிரம் வோல்ட் அளவிலும், 2200 மீட்டரில் பன்னிரண்டாயிரம் வோல்ட்டுக்கு மேலும் இருக்கும். முன்னதற்கே வேலியும் நல்ல மின்காப்பும் வேண்டும். பின்னதில் கம்பி மரக்கிளையைத் தொட்டால் கிளை கருகும். குழந்தைகள் விளையாடும் கொல்லைப்புறத்தில் அதை நிறுவ எனக்கு மனம் வரவில்லை.

2200 மீட்டரில் நான் கேட்டிருக்கிறேனே தவிர ஒலிபரப்பியதில்லை. ஆகவே அதைப் பற்றி இங்கே எழுதியவற்றில் பெரும்பகுதி கணக்கிலிருந்தும் பிறரது நிலையங்களைப் பார்த்ததிலிருந்தும் வந்தவை. அதற்கே உரிய சிறப்புகளை மறுக்க முடியாது. பகலில் தரையலை 630 மீட்டரைவிடக் குறைந்த தேய்மானத்தோடு செல்கிறது. டபிள்யூ.எஸ்.பி.ஆர். போன்ற இன்னொரு இலக்கமுறையான எஃப்.எஸ்.டி.4.டபிள்யூ.வில் அரை மணி நேரம் வரை நீளும் ஒலிபரப்புகளுக்கு ஈடுகொடுக்கும் நிதானம் அதன் பரவலில் இருக்கிறது. 1 வாட்டுக்கும் குறைந்த கதிர்வீச்சில் அந்தப் பட்டையில் அட்லாண்டிக்கைக் கடந்தவர்கள் உண்டு. இருபத்து நான்கு மீட்டர் உயரத்துக்குக் கம்பியை ஏற்றும் கோபுரமோ உயர்ந்த மரங்களோ உள்ளவருக்குக் கதிர்வீச்சுத் தடை நான்கு மடங்காகிவிடுவதால், தேவைப்படும் திறன் 140 வாட் அளவுக்கு இறங்கும். அவர் 2200 மீட்டரிலேயே தொடங்கலாம்.

எந்தப் பட்டையானாலும், ஒலிபரப்பத் தொடங்கும் முன், மின்சாரம் போன்ற சேவை நிறுவனங்களின் சங்கமான யூட்டிலிட்டீஸ் டெக்னாலஜி கவுன்சிலுக்கு அழைப்புக்குறியையும் ஆன்டெனா இருக்கும் இடத்தின் ஆயங்களையும் தெரிவிக்க வேண்டும்; முப்பது நாட்களில் ஆட்சேபணை வராவிட்டால் தொடங்கலாம். இதே அதிர்வெண்களில் கட்டுப்பாட்டுச் சமிக்ஞைகளைச் சுமக்கும் உயரழுத்த மின்கடத்துத் தடம் ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் அனுமதியில்லை. தெருவில் ஓடும் விநியோகக் கம்பிகள் இந்தக் கணக்கில் சேரா. 630 மீட்டரில் தொடங்குபவரும் அந்த அறிவிப்பை இரண்டு பட்டைகளுக்கும் சேர்த்தே அனுப்பிவிடுவது நல்லது.