ஃபேப்ரிகேஷன் தெரிந்த கைக்கு எந்த கேம் எஞ்சின்?

1968இல் சிங்கப்பூர் கிராண்ட் பிரியை வென்றவர் கேரி கூப்பர் என்ற ஆஸ்திரேலியர். அப்பர் தாம்சன் சாலையைச் சுற்றி ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர் நீண்ட பாதையில் அவர் ஓட்டிய எல்ஃபின் 600, அவருடைய சொந்தப் பட்டறையிலேயே உருவானது. காரைக் கட்டியவரே ஓட்டி ஜெயித்தார். உள்ளே எஃகுக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகச் சேர்த்த ஸ்பேஸ் ஃபிரேம், அதன் மேல் மெல்லிய கூடு, அவ்வளவுதான். துவாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் ஃபேப்ரிகேஷன் (உலோகத்தை வெட்டி, வெல்டு செய்து கட்டும்) வேலையில் இருக்கும் யாரிடமாவது அந்த மாதிரி ஃபிரேமின் படத்தைக் காட்டிப் பாருங்கள். எந்தக் குழாயை முதலில் டேக் (தற்காலிகப் புள்ளி வெல்டு) போட்டிருப்பார்கள், வெல்டிங் சூட்டில் எந்த மூலை இழுத்திருக்கும் என்று கண் தானாகத் தேட ஆரம்பித்துவிடும்.

இப்படி ஒரு காரைக் கம்ப்யூட்டரில் கட்டி ஓட்டிப் பார்க்கும் ஆசை எங்கள் பட்டறையில் சிலருக்கு உண்டு. "அண்ணே, அன்ரியலா, யூனிட்டியா, கோடோவா?" என்று தம்பிகள் கேட்பார்கள். மூன்றும் கேம் எஞ்சின்கள், அதாவது கம்ப்யூட்டர் விளையாட்டுகளைக் கட்ட உதவும் மென்பொருள்கள். பொதுவாக இதற்குப் பதில் சொல்பவர்கள் படம் எவ்வளவு தத்ரூபம், கற்பது எவ்வளவு சுலபம் என்று அளப்பார்கள். நான் வேறு அளவுகோல் வைக்கிறேன்: குழாயும் வெல்டிங்கும் தெரிந்த ஒருவரின் அறிவை இதில் எந்த மென்பொருள் கேட்கிறது?

முதலில் மாடல் எடுத்துப் போகும் வேலை. நம்மிடம் இருப்பது பெரும்பாலும் கேட் (CAD) மென்பொருளில் போட்ட வரைபடம், மில்லிமீட்டரில். அன்ரியல் சென்டிமீட்டரில் கணக்கு வைக்கும். யூனிட்டியும் கோடோவும் மீட்டரில். கேட் வரைபடத்தைச் சேமிக்கும் ஸ்டெப் (STEP) ஃபைலை அன்ரியல், டேட்டாஸ்மித் என்ற தன் இறக்குமதிக் கருவி வழியாக நேரடியாகவே வாங்கிக்கொள்ளும். மற்ற இரண்டுக்கும் ஃப்ரீகேட் மாதிரி ஒரு கேட் மென்பொருளில் திறந்து, முக்கோணங்களால் ஆன வலைப்பின்னலாக மாற்றி, பிளெண்டர் என்ற முப்பரிமாண மாடலிங் மென்பொருளில் சுத்தம் செய்து அனுப்ப வேண்டும். சுத்தம் செய்வது சின்ன வேலை இல்லை. ஒரு குழாயின் நுனியை இன்னொரு குழாய்மேல் உட்காரும்படி வெட்டிய இடத்தில் மட்டும் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன முக்கோணங்கள் குவியும். அன்ரியல் 5இல் நானைட் என்ற வரையும் முறை அந்தக் குவியலை அப்படியே தாங்கும். இந்த ஒரு விஷயத்தில் அன்ரியலுக்குப் போட்டியே இல்லை. வெல்டு மணிகளைக்கூட ஒவ்வொன்றாகச் செதுக்கி வைக்கலாம், எஞ்சின் சோர்வதில்லை. ஆனால் அன்ரியலில் ஓடும் காருக்கு அசையும் பாகங்களை இயக்கும் 'எலும்புக்கூடு' கொண்ட மாடல் வேண்டும், சக்கரத்துக்கு ஒரு எலும்பு வீதம். அதனால் சக்கரங்களை ஓட்டும் எளிய எலும்புக்கூட்டைத் தனியாக வைத்து, நுணுக்கமான ஃபிரேமை அதன்மேல் ஒட்டுவதுதான் எனக்குப் பிடித்த வழி.

கோடோவில் ஒரு சின்ன விஷயம் கவனிக்கவும். அதன் வாகன அமைப்பில் கார் இசட் அச்சின் நேர்த்திசையைப் பார்த்து நிற்க வேண்டும். மற்ற பொருள்களுக்கு அங்கே முன்பக்கம் என்பது எதிர்த்திசை. காரின் எடை மையமும் அந்த வாகன அமைப்பின் மூலப்புள்ளி (அளவுகள் தொடங்கும் பூஜ்யப் புள்ளி) இருக்கும் இடத்தைப் பொறுத்து அமையும் என்கிறது அதன் கையேடு. மூலப்புள்ளியைத் தாழ்வாக வைத்தால் கார் எளிதில் கவிழாது.

சரி, இனி முக்கியமான விஷயம். அன்ரியல், யூனிட்டி, கோடோ மூன்றும் தங்கள் வழக்கமான கார் அமைப்பில் ஃபிரேமை ஒரே விறைத்த பெட்டியாகத்தான் பார்க்கின்றன. நீங்கள் நாற்பது குழாய் வைத்துக் கட்டினாலும், அட்டைப்பெட்டி ஒன்றை வைத்தாலும், எடையும் எடை மையமும் எடை பரவியிருக்கும் விதமும் ஒன்றாக இருந்தால் கார் ஒரே மாதிரிதான் ஓடும். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் குறுக்கே போகும் மூலைவிட்டக் குழாயை எடுத்துவிடுங்கள். நிஜத்தில் முன்சக்கரம் ஒரு பக்கமும் பின்சக்கரம் ஒரு பக்கமும் முறுக்கும்போது ஃபிரேம் துணி பிழிவது போல் திரும்பும். இந்த மூன்றிலும் எதுவுமே மாறாது. நம் தொழிலின் பாதி அறிவு அந்த ஒரு குழாய் எங்கே போக வேண்டும் என்பதில்தான் இருக்கிறது. அதைக் கேட்காத இடத்தில் நாம் வெறும் ஓவியர்தான்.

சக்கரத்திலும் இதே கதைதான். யூனிட்டியில் சக்கரத்தைக் கணக்கிடும் வீல் கொலைடர், சக்கரத்தின் நடுவிலிருந்து கீழே ஒரே ஒரு கோடு விட்டுத் தரையைத் தேடும். கோடோவின் சக்கரமும் அப்படியே. அன்ரியலில் கோட்டுக்குப் பதில் உருண்டையையோ சக்கர வடிவத்தையோ விட்டுப் பார்க்கும் வசதி உண்டு. மெரினா பே மாதிரி ஊருக்குள் ஓடும் பாதையில் இந்த வித்தியாசம் தெரியும், ஏனென்றால் அங்கே கெர்ப் (பாதையோர உயர்ந்த விளிம்பு), சாலை ஒட்டு, மூடி என்று எல்லாம் வரும். ஒற்றைக் கோடு கெர்ப்பின் விளிம்பைத் தாண்டும்வரை எதுவும் இல்லை என்று நினைத்திருந்து, தாண்டியதும் காரைத் தூக்கி எறியும்.

வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். மணிக்கு 180 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 50 மீட்டர். யூனிட்டி இயல்பாக நொடிக்கு 50 தடவைதான் இயற்பியல் கணக்குப் போடும், அதாவது ஒரு கணக்குக்கும் அடுத்ததுக்கும் நடுவில் கார் ஒரு மீட்டர் போய்விடும். கோடோவின் 60 தடவையில் 83 சென்டிமீட்டர். இரண்டிலும் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளலாம், கட்டாயம் கூட்டவும் வேண்டும்.

யூனிட்டிக்காக ஒன்று சொல்ல வேண்டும். அதன் ஸ்பிரிங் எண் நமக்குப் புரிகிற அலகில் இருக்கிறது. ஆரம்பத்தில் 35,000 என்று நிற்கும், மீட்டருக்கு நியூட்டன். நிஜ ஸ்பிரிங்கில் நாம் பார்க்கிற கணக்கில் மில்லிமீட்டருக்கு 35 நியூட்டன். கோடோவின் கையேடோ பந்தயக் காருக்கு 50 முதல் 100 வரை, ஃபார்முலா 1 மாதிரி காருக்கு 200 பக்கம் வைத்துப் பார் என்று வழிகாட்டும். அதோடு, தன் வாகன அமைப்பு தத்ரூபமான இயற்பியலுக்காகச் செய்தது இல்லை, அது வேண்டுமானால் சொந்தமாக எழுதிக்கொள் என்றும் கையேட்டிலேயே நேர்மையாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். சொந்தமாக எழுத அதைவிட வசதியான இடமும் இல்லை.

இப்போது நம் ஆட்கள் யாரும் பட்டியலில் சேர்க்காத பெயர்: பீம்என்ஜி. இது காசு கொடுத்து வாங்கும் விளையாட்டு, எஞ்சின் இல்லை. இதை வைத்து உங்கள் சொந்த விளையாட்டை வெளியிட முடியாது. இருந்தாலும் ஃபேப்ரிகேட்டருக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். இதில் கார் என்பது கணுக்களும் அவற்றை இணைக்கும் கம்பிகளும். ஒவ்வொரு கணுவுக்கும் எடை, ஒவ்வொரு கம்பிக்கும் விறைப்பு, எந்த விசையில் நிரந்தரமாக வளையும், எந்த விசையில் அறும் என்று ஜேபீம் என்ற எழுத்துக் கோப்பில் நீங்களே எழுத வேண்டும். கணக்கு நொடிக்கு 2000 தடவை. 180 கிலோமீட்டர் வேகத்திலும் கார் இரண்டரை சென்டிமீட்டர்தான் நகர்ந்திருக்கும்.

வளையும் விசை, அறும் விசை இரண்டுக்கும் வேண்டிய எண்களை, சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று, எஃகோடு வரும் மில் சர்ட்டிபிகேட்டில் நாம் தினமும் பார்க்கிறோம். எஸ்275 எஃகில் 25.4 மில்லிமீட்டர் விட்டம், 1.6 மில்லிமீட்டர் தடிமன் உள்ள குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுப் பரப்பு ஏறத்தாழ 120 சதுர மில்லிமீட்டர். எஸ்275இல் வரும் 275, வளையத் தொடங்கும் அந்த எண்தான்; அதால் பெருக்கினால் ஏறத்தாழ 33,000 நியூட்டன். அதுதான் வளையும் விசைக்கு எழுத வேண்டிய எண். அமுக்கத்தில் மட்டும் கவனம் வேண்டும்: அதே குழாய் ஒரு மீட்டர் நீளம் இருந்தால் ஏறக்குறைய அதில் பாதி விசையிலேயே வில்லாக வளைந்துவிடும். நீளக் குழாயை நடுவில் பிடித்துக் கட்டுவது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. பீம்என்ஜியில் கணு என்பது சுழலும் மூட்டு. கம்பி இழுவையும் அமுக்கத்தையும் மட்டும் தாங்கும், மூலையில் விறைப்பு கிடையாது. செவ்வகமாகக் கட்டிவிட்டு விட்டால் அது சரிந்து படுத்துவிடும். முக்கோணம் போட்டால்தான் நிற்கும். ஸ்பேஸ் ஃபிரேமின் கோட்பாடே இதுதானே. வெல்டிங்கின் வலிமையை நம்பிச் சோம்பலாக விட்ட மூலைகளையெல்லாம் இது முதல் ஓட்டத்திலேயே காட்டிக்கொடுக்கும்.

இதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். அரை மீட்டர் நீளமுள்ள அந்தக் குழாயின் நிஜ விறைப்பு மீட்டருக்குச் சுமார் 4.8 கோடி நியூட்டன். அரை கிலோ எடையுள்ள இரண்டு கணுக்களுக்கு நடுவே, நொடிக்கு 2000 கணக்கு என்ற வேகத்தில், ஏறக்குறைய 40 லட்சத்தைத் தாண்டினாலே கணக்கு நிலைகுலைந்து கார் நடுங்கி வெடிக்கும். ஆகவே எஃகின் விறைப்பில் பத்தில் ஒரு பங்குகூட உள்ளே போகாது. உங்கள் ஃபிரேம் இத்தனை டிகிரி முறுக்கும் என்று இதை நம்பிச் சொல்லக் கூடாது. ஆனால் மூலைவிட்டக் குழாயோடு ஒரு ஃபிரேம், அது இல்லாமல் ஒரு ஃபிரேம் என்று இரண்டையும் ஓட்டி ஒப்பிட்டால், எது மேல் என்பதை இது சரியாகவே காட்டும். பட்டறையில் நமக்கு வேண்டியதும் பெரும்பாலும் அந்த ஒப்பீடுதான்.

சஸ்பென்ஷன் பிராக்கெட்டுகளில் ஆர்வம் உள்ளவர் அசெட்டோ கோர்சாவையும் பார்க்கலாம். இத்தாலியின் குனோஸ் குழு 2014இல் முழுமையாக வெளியிட்ட விளையாட்டு, கணக்கு நொடிக்கு 333 தடவை. அதன் சஸ்பென்ஷன் கோப்பு, சக்கரத்தைத் தாங்கும் விஷ்போன் கைகள் ஃபிரேமில் மாட்டும் ஒவ்வொரு துளையின் இடத்தையும் கேட்கும். பிராக்கெட்டை 10 மில்லிமீட்டர் மேலே ஏற்றினால் ஸ்டீயரிங்கில் தெரியும். ஃபிரேம் மட்டும் இதிலும் விறைத்ததுதான்.

காசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோடோ எம்ஐடி உரிமத்தில் முழுக்க இலவசம். அன்ரியல், விளையாட்டின் வருமானம் 10 லட்சம் அமெரிக்க டாலரைத் தாண்டினால் மேற்கொண்டு வருவதில் 5 விழுக்காடு கேட்கும். யூனிட்டி 2023இல் நிறுவலுக்கு ஒரு கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பி, 2024இல் அதைக் கைவிட்டது. வொர்க் பர்மிட்டில் இருக்கும் தம்பிகள் ஒன்றை மறக்க வேண்டாம்: பர்மிட்டில் குறிப்பிட்ட வேலைக்கு வெளியே தொழில் செய்ய நிபந்தனை இடம் தராது. மாடலை விற்க நினைத்தால் முதலில் மனிதவள அமைச்சிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

மடிக்கணினியும் முடிவை மாற்றும். சிம் லிம் ஸ்கொயரில் பழைய மடிக்கணினி வாங்கி, ஓவர்டைம் முடிந்து விடுதிக்கு வந்து உட்காருபவருக்கு அன்ரியல் சரிப்படாது. இறக்கவே பல பத்து ஜிபி, ஷேடர் (ஒளி, நிறம் கணக்கிடும் நிரல்கள்) தொகுக்கும் நேரத்தில் தூக்கம் வந்துவிடும். கோடோ ஒரே ஒரு கோப்பு, இன்ஸ்டால்கூட வேண்டாம், திறந்தால் ஓடும்.

ஆகவே தம்பிகளுக்கு என் வரிசை இப்படி. குழாய் ஃபிரேமைப் பீம்என்ஜியில் கட்டி, முறுக்கி, மோதிப் பாருங்கள். உங்கள் கை அறிவுக்கு வேலை கொடுப்பது அதுதான். சொந்தமாக ஒரு சின்னப் பந்தய விளையாட்டு செய்து வெளியிட ஆசை வந்தால் கோடோ, அதுவும் அதன் தயார்நிலைக் காரை ஒதுக்கிவிட்டு நீங்களே சக்கரம் எழுதும் துணிவோடு. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருந்து, வெல்டு மணி வரை செதுக்கிய ஒரு காரை வேலை தேடும்போது காட்ட வேண்டும் என்றால் அன்ரியல். யூனிட்டியை ஏற்கனவே தெரிந்தவர் அதிலேயே தொடரட்டும். புதிதாக வரும் ஃபேப்ரிகேட்டருக்கு அதை நான் சொல்ல மாட்டேன். கோடோவின் இலேசும் அதில் இல்லை, அன்ரியலின் நானைட்டும் இல்லை.