வேலூர்ல கல்யாண தகவல் மையம்: கழனி வச்சிருக்கற குடும்பம் பணம் கட்டறதுக்கு முன்னாடி படிங்க

தம்பிக்கு வரன் பாக்க காட்பாடி ரோட்டுல ஒரு தகவல் மையத்துல 6 மாசத்துக்கு 3,500 ரூபா கட்டி பதிஞ்சோம், போன வாரத்தோட முடிஞ்சது. பேர் போட விரும்பல.

நல்லத மொதல்ல சொல்லிடறேன், ஆபீஸ்ல இருக்கற அம்மா மரியாதையா பேசனாங்க, ஜாதகம் பொருந்தினா தான் நம்பர் குடுத்தாங்க, பொய் ப்ரொஃபைல் ஒண்ணும் வரல.

பிரச்சன ஃபாரம்லயே இருக்கு. வேலைன்ற எடத்துல அரசு, தனியார், சொந்த தொழில், வெளிநாடு, அப்புறம் இதர. விவசாயம் கெடையாது. பி.எஸ்சி முடிச்சிட்டு பள்ளிகொண்டா பக்கம் கரும்பும் கத்திரியும் வெக்கற பையன இதரன்னு போட்டாங்க, மனசு கஷ்டமா போச்சு. நெலத்துக்கு ஒரே கட்டம், சொத்து மதிப்பு. எத்தன சென்ட், ரோட்டுல இருந்து எவ்ளோ தூரம், பிளாட் போட்டா எவ்ளோ போவும், அவ்ளோ தான். கெணறு இருக்கா, போர் எத்தன அடி, கோடையில மோட்டார் எவ்ளோ நேரம் ஓடும்னு ஒண்ணுமே கேக்கல. பாலாறு முக்காவாசி நாள் மணலா கெடக்கற ஊருங்க இது, 2021 நவம்பர் வெள்ளத்துல தான் எங்க கெணறு மேல வரைக்கும் ரொம்பி நான் பாத்தேன். தண்ணிய விட்டுட்டு 2 ஏக்கர்னு மட்டும் எழுதி என்ன பிரயோஜனம்?

வந்த 11 வரன்ல 9 பேர் கேட்டது, கழனிய வித்துட்டு வேலூர்ல வீடு கட்டுவாரான்னு. எங்களுக்கு மேல் கழனிக்காரர் பிளாட் போட்டாரு, ஒரே வருஷத்துல அவர் பையனுக்கு கல்யாணம் ஆயிடுச்சு, ஆனா அந்த லேஅவுட் ரோடு வாய்க்கால மூடிட்டதால ஏரி தண்ணி எங்களுக்கு வரதில்ல, கெணறும் எறங்கிடுச்சு, அதையே காட்டி ரெண்டு வரன் எங்கள விட்டு போச்சு.

ஒரு வீட்ல எனக்கே போன் பண்ணி "நீ விடுதலை பத்திரம் எழுதி குடுத்துட்டியாம்மா"ன்னு கேட்டாங்க, அதாவது சொத்துல எனக்கு பங்கு வேணாம்னு எழுதி குடுக்கற பத்திரம். பொண்ணுங்களுக்கும் பூர்வீக சொத்துல சம பங்குன்னு தமிழ்நாட்டுல 1989லயே சட்டம் வந்துச்சு, நாடு முழுக்க 2005ல. நான் பிரிச்சி கேட்டா தம்பிக்கு 1 ஏக்கர் தான் நிக்கும், கெணத்த பொதுவுல வச்சி ஆளுக்கு ஒரு நாள் மொற போடணும், கரும்புக்கு அந்த தண்ணி பத்தாது. பாட்டி காலத்துல அக்கா பொண்ணு, அத்த பொண்ணுன்னு உள்ளயே கட்டி வெச்சதுக்கு நெலம் வெளிய போவக்கூடாதுன்றதும் ஒரு காரணம், எங்கப்பா கல்யாணமே அப்டி தான். நான் பங்கு கேக்கப் போறதில்ல, அது நானும் தம்பியும் பேசிக்க வேண்டியது. முன்ன பின்ன தெரியாதவங்க கேட்டதுல அன்னிக்கி ராத்திரி தூக்கமே வரல. என் நம்பர குடுத்தது மையம் தான், எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கணும்.

5க்கு 2 தான் குடுப்பேன். மாச சம்பளக்கார பசங்களுக்கு சரியா இருக்கும். விவசாயி வீடுன்னா அந்த பணத்த வச்சிக்கினு மண்டில, சொந்தக்காரங்க கிட்ட சொல்லி வைங்க.

எங்களுக்கு அப்டி தான் இப்ப ஒண்ணு வந்திருக்கு. அணைக்கட்டு பக்கம், இலவம்பாடி முள்ளு கத்திரி வெக்கற குடும்பம், மண்டில தம்பிக்கு பழக்கம். பொண்ணோட அப்பா வந்தாரு, வீட்டுக்குள்ள கூட வரல, நேரா கெணத்தாண்ட போயி எட்டி பாத்து ஒரு கல்ல போட்டு சத்தம் கேட்டுட்டு, "மே மாசம் எவ்ளோ நேரம்பா ஓடும்"னாரு. தம்பி "ஒன்றர மணி நேரம் தான் மாமா"ன்னு உள்ளத சொன்னான். அப்ப கரும்ப கொறச்சிட்டு சொட்டு நீர் போடலாமேன்னு ரெண்டு பேரும் வரப்பு மேலயே ஒக்காந்து பேசிக்கினு இருந்தாங்க, நான் போட்ட காபி ஆறிப் போச்சு. வர ஞாயித்துக்கெழம பொண்ண கூட்டிக்கினு வராங்க.