கடலுக்குப் போகுமுன் கைப்பேசியில் இருக்க வேண்டிய செயலி

நியூசிலாந்தில் பொழுதுபோக்குக்காகக் கடலில் தூண்டில் போடுவதற்கு உரிமம் வாங்க வேண்டியதில்லை. உரிமம் தரும் இடத்தில் விதிகளைக் கேட்டறியும் வாய்ப்பும் அதனாலேயே அங்கு இல்லை. ஆனால் அன்றுதான் முதன்முதலாகத் தூண்டிலைக் கையில் எடுத்தவரையும் அந்த விதிகள் முழுமையாகக் கட்டுப்படுத்துகின்றன. இந்தக் குறையைப் போக்க அந்நாட்டு மீன்வளத் துறை இலவசமாக வழங்கும் 'என்.இஸட். ஃபிஷிங் ரூல்ஸ்' என்ற கைப்பேசிச் செயலியை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை மீன் பிடிக்கலாம்?" என்று கேட்பவர்கள் ஒற்றை எண்ணைத்தான் விடையாக எதிர்பார்க்கிறார்கள். அப்படி ஓர் எண் கிடையாது. ஆக்லாந்து நகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கிழக்குப் பக்கக் கடலில் ஸ்னாப்பர் மீன் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 7 மட்டுமே, ஒவ்வொன்றும் குறைந்தது 30 செ.மீ. நீளம் இருக்க வேண்டும். அதே நகரத்தின் மேற்குப் பக்கத்தில், மனுகாவ் துறைமுக நீர்ப்பரப்பில், 10 மீன்கள் வரை வைத்துக்கொள்ளலாம், 27 செ.மீ. இருந்தால் போதும். கிழக்கிலும் முன்பு 9 மீன்களும் 27 செ.மீ. அளவுமே இருந்தன, ஏப்ரல் 2014இல்தான் அவை மாற்றப்பட்டன. பழைய எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு பழகிய இடத்துக்குப் போகிறவரும், புதிய இடத்துக்குப் பழைய இடத்தின் எண்ணோடு போகிறவரும் ஒரே மாதிரி மாட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. செயலியோ நாம் நிற்கும் இடத்தை அறிந்து அப்பகுதிக்குரிய விதியையே காட்டுகிறது. இதன் முதன்மையான பயன் இதுதான் என்பது என் கருத்து.

அலைபேசிச் சமிக்ஞை எட்டாத நீரிலும் இது இயங்கும் என்பது சிறிய விஷயமன்று. ஆயினும் தற்காலிகத் தடைகளும் புதிய வரம்புகளும் ஆண்டின் எந்த மாதத்திலும் வரக்கூடும் என்பதால், வீட்டிலிருந்து கிளம்பும்போதே தகவல்களைப் புதுப்பித்துக்கொள்வது அவசியம்.

செயலி செய்ய முடியாத வேலை அளப்பது. மீனை ஈரமான அளவுப் பலகையில் கிடத்தி, மூக்கு நுனி பலகையின் தடுப்பில் முட்டும்படி வைத்து, வால் பிளவுபடும் நடுப்பகுதி வரை நீளம் பார்க்க வேண்டும். வாலின் கூரிய ஓர முனை வரை அளந்தால் ஓரிரண்டு சென்டிமீட்டர் கூடுதலாகத் தெரியும். குறைந்தபட்ச அளவை எட்டாத மீன் கூடைக்குள் போவது பெரும்பாலும் இப்படித்தான். அளவு குறைந்த மீனை உடனே கடலில் விட்டுவிட வேண்டும், அது பிழைக்குமா என்ற கேள்விக்கு இடமில்லை. ஸ்னாப்பர் 60 ஆண்டுகள் வரைகூட வாழக்கூடிய மீன் என்பதை அறிந்தவருக்கு இந்தக் கண்டிப்பு மிகையாகத் தோன்றாது.

புதியவர்கள் தடுமாறும் இன்னொன்று, வரம்பு ஆளுக்குரியது, படகுக்குரியது அன்று என்பது. நான்கு பேர் போன படகில் திறமையுள்ள ஒருவரே நால்வருக்குமான மீனையும் பிடித்துக் கணக்கைச் சரிசெய்ய முடியாது. தன் வரம்பை எட்டியவர் அந்த மீனைப் பொறுத்தவரை அன்றைக்கு நிறுத்திக்கொள்ள வேண்டும். வரம்புக்குள் பிடித்ததேயானாலும் அதை விற்பதும், வேறொரு பொருளுக்கு மாற்றிக்கொள்வதும் சட்டப்படி குற்றம். எண்ணைப் பார்த்தவுடன் செயலியை மூடிவிடாமல் இந்தப் பொது விதிகளையும் ஒருமுறை பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

ஸ்மார்ட்போன் வைத்திராத பெரியவர்கள் உடன் வந்தால், மீனின் ஆங்கிலப் பெயரை 9889 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். அந்த மீனுக்குரிய நீளமும் எண்ணிக்கையும் கட்டணமின்றிப் பதிலாக வரும்.