அக்காவின் வளவுக்கு எந்த மலசலகூடம் சரிவரும்?

கிளிநொச்சிப் பக்கம் கண்டாவளையில் இருக்கும் அக்கா புது மலசலகூடம் கட்டப் போகிறா. "தம்பி, உன்ர வீட்டில இருக்கிற மாதிரியே எனக்கும் கட்டித் தா" என்றா. எங்கள் வளவு மாங்குளத்தில், மேட்டுக் காணி. கோடையில் கிணற்றை நன்றாக எட்டிப் பார்த்தால்தான் தண்ணீர் தெரியும். அக்காவின் வளவு வயலோரம், களிமண். மாரியில் இரண்டடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். 2018 மார்கழி வெள்ளத்தில் அவவின் முற்றத்தில் முழங்காலளவு நின்றது. மேட்டுக்குப் பொருந்தும் குழி அங்கே பொருந்தாது.

ஊரில் அதிகம் கட்டுவது ஒற்றைக் குழிதான். சீமெந்து வளையத்தை இறக்கி, மேலே மூடி போட்டால் வேலை முடிந்தது. செலவு குறைவு. ஆனால் நிரம்பினால் கழிவை உறிஞ்சி எடுக்கும் பவுசர் வண்டி வர வேண்டும், இல்லையென்றால் புதுக் குழி வெட்ட வேண்டும். வெட்ட இடமில்லாதவர்கள் பழையதையே தோண்டுவார்கள். அப்படி அள்ளும் கழிவில் குடற்புழு முட்டைகள் உயிரோடு இருக்கும். இந்த முறையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இரட்டைக் குழி வேறு கதை. எங்கள் வீட்டில் இருப்பது இதுதான். சுவரில் இடைவெளி விட்டுக் கட்டிய இரண்டு குழிகள், சுமார் ஒரு மீற்றர் அகலம், ஒரு மீற்றர் ஆழம். இரண்டுக்கும் நடுவே ஒரு மீற்றராவது இடைவெளி. குழாய் ஒரு சின்னத் தொட்டிக்கு வந்து அங்கிருந்து இரண்டாகப் பிரியும். ஒரு வாயைக் கல்லும் களிமண்ணும் வைத்து அடைத்துவிடுவோம். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் ஒரு குழி நிரம்ப ஏறக்குறைய மூன்று வருசம் ஆகும். பிறகு கல்லை மற்ற வாய்க்கு மாற்றுவோம். மூடிய குழி குறைந்தது ஒன்றரை, இரண்டு வருசம் ஆறிக் கிடக்க வேண்டும். எங்கள் முதல் குழியைத் திறந்த அன்று மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றா. உள்ளே இருந்தது கருப்பு மண், கையில் எடுத்தால் உதிர்ந்தது, மணமே இல்லை. தென்னைக்கு அடியில் போட்டோம். இந்தியாவில் பிந்தேஷ்வர் பாடக் 1970 இல் தொடங்கிய சுலப் அமைப்பு இந்த முறையை ஊர் ஊராகக் கொண்டுபோனது. மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளும் நிலை ஒழிய வேண்டும் என்பதுதான் அவருடைய நோக்கம். அதை நினைக்கும்போது இந்தக் குழிகள் மேல் எனக்குத் தனி மதிப்பு.

ஆனால் இந்தக் குழிக்கு அடியும் சுவரும் நீரை மண்ணுக்குள் விட வேண்டும். நிலத்தடி நீர் மேலே இருந்தால் கழிவு நேரே அதில் கலக்கும். பேரிடர், அகதி முகாம் உதவிப் பணிகளுக்கான ஸ்பியர் நியமங்கள், குழியின் அடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீற்றர் மேலே இருக்க வேண்டும் என்கின்றன. கிணற்றுக்கு 50 அடி தள்ளி வை என்று ஊரில் சொல்வது நல்ல பழக்கம்தான். ஆனால் நீர்மட்டம் தரையை ஒட்டி நிற்கும் இடத்தில் அந்தத் தூரம் மட்டும் போதாது.

மலசலகூடம் இருந்தால் மட்டும் போதாது என்பது உலகக் கணக்கிலும் தெரிகிறது. 2022 இல் வெட்டவெளிக்குப் போகிறவர்கள் சுமார் 42 கோடி. பாதுகாப்பாகக் கழிவு அகற்றப்படும் வசதி இல்லாதவர்களோ 350 கோடி. அவர்களில் பெரும்பாலானோரிடம் ஏதோ ஒரு மலசலகூடம் இருக்கிறது, அதன் கழிவுக்குத்தான் ஒழுங்கான வழியில்லை.

உலர் மலசலகூடத்தையும் அக்காவுக்காக யோசித்துப் பார்த்தேன். மலமும் சிறுநீரும் தனித்தனியாகப் போகும், தண்ணீர் ஊற்றாமல் சாம்பல் போடுவார்கள். அறைகள் தரைக்கு மேலே இருப்பதால் வெள்ளப் பகுதிக்கு ஏற்றது. தமிழ்நாட்டில் முசிறியில் பொதுக் கழிப்பறையாகவே கட்டிக் காட்டியிருக்கிறார்கள். சிறுநீர் தோட்டத்துக்கு நல்ல பசளை. ஆனால் கழுவுவதற்குத் தனி இடம் வேண்டும், அந்தத் தண்ணீர் மல அறைக்குள் விழவே கூடாது. விருந்தாட்கள் வரும் வீட்டில், ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க அக்கா கூச்சப்படுவா. பழகிய வீட்டுக்கு அருமையான முறை, அவவுக்குச் சரிவராது.

மிஞ்சியது செப்டிக் டாங்கி. பல இடங்களில் டாங்கி என்று சொல்லிக்கொண்டு அடி பூசாமல் விடுகிறார்கள், அது வெறும் பெரிய குழிதான். அடி, சுவர் எல்லாம் சீமெந்து பூசி, உள்ளே இரண்டு அறை பிரித்து, மூடி வெள்ள மட்டத்துக்கு மேலே வந்தால்தான் அது டாங்கி. வெறுமையாக விட்டால் மாரி நீர் டாங்கியையே மேலே தூக்கிவிடும். அதனால் கட்டி முடித்ததும் தண்ணீர் நிரப்பி வைக்க வேண்டும். வெளியேறும் நீரைப் பள்ளத்தில் விடாமல், மணலும் மண்ணும் போட்டு உயர்த்திய மேட்டுக்கு விட்டு, மேலே வாழை வைக்கலாம். சில வருசத்துக்கு ஒருமுறை பவுசர் வர வேண்டும், அதற்குப் பாதையும் விட வேண்டும். நாலு முறைகளில் செலவு கூடியது இதுதான். என்றாலும் அக்காவின் வளவுக்கு இதைத்தான் சொல்வேன்.

இன்னொரு விசயம், எனக்கு இதுதான் முக்கியம். அத்தானுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, 2009 இல் போனது. இத்தனை வருசமும் குந்துகிற பீங்கானில்தான் சமாளித்தார். செயற்கைக் காலைக் கழற்றி வாசலில் சாத்திவிட்டு, சுவரைப் பிடித்தபடி இறங்குவார். மழை நாளில் தரை வழுக்கும். வன்னியில் அவரைப் போல எத்தனையோ பேர். அவருக்கு உட்காரும் கொமட்டும், இரண்டு பக்கமும் கைபிடியும், வெளிப்பக்கம் திறக்கும் அகலக் கதவும் வேண்டும். வெள்ளத்துக்காக இரண்டடி உயர்த்துகிறோம் என்றால் படி வைக்கக் கூடாது, சாய்தளம் வேண்டும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது கணக்கு, ஆக 24 அடி. மேசன் அண்ணை "அவ்வளவு நீளமா, மூன்று படி போதுமே தம்பி" என்றார். அத்தானை நடந்து காட்டச் சொன்னேன். பிறகு மேசன் அண்ணை படியைப் பற்றிக் கதைக்கவில்லை.

போன கிழமை கிணற்றிலிருந்து கயிறு பிடித்து அளந்தோம். சரியாக 50 அடியில் அக்காவின் தேசி மரம். வெட்ட விடமாட்டேன் என்றா. இன்னும் பத்தடி தள்ளி முளை அடித்திருக்கிறோம். ஐப்பசி மழைக்கு முன்னம் டாங்கியை முடித்துவிட வேண்டும்.