முதல் பத்து நிமிடத்தில் பிடிக்காத ஸ்பீக்கர்

தம்புராவின் குதிரைமேல் தந்திக்கு அடியில் ஒரு நூல் செருகியிருப்பார்கள். ஜீவாளி என்று பெயர். நூல் சரியான இடத்தில் நின்றால் தந்தி ரீங்கரிக்கும், ஒரு மயிரிழை நகர்ந்தால் ஊமையாகிவிடும். ஸ்பீக்கர் தேடி அலைந்த நாட்களில் என் பையில் இருந்த பென்டிரைவில் முதல் பதிவே வெறும் தம்புராதான், நான்கு நிமிடம். கடைக்காரர்களுக்கு அது பிடிக்காது. "பாட்டு எப்ப சார் ஆரம்பிக்கும்?" என்று ஒருவர் கேட்டே விட்டார். கேட்ட மூன்று ஜோடியில் இரண்டில் தேனீக்கூட்டைக் கலைத்த மாதிரி இருந்தது. மூன்றாவதில் விரல் தந்தியை விடுவது தனியாகக் கேட்டது, அதற்குப் பின்னால் ரீங்காரம் மெல்ல விரிந்து மேலே ஏறுவதும் தனியாகக் கேட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த மூன்றாவது ஜோடியைத்தான் முதல் நாள் "மந்தமா இருக்கே" என்று ஒதுக்கிவிட்டு வந்திருந்தேன்.

இப்போது அது வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஹார்பெத் சூப்பர் ஹெச்எல்5 பிளஸ்.

அதற்கு முன் ஆறு வருடம் கேஇஎஃப் எல்எஸ்50 வைத்திருந்தேன். கேஇஎஃப் நிறுவனத்தின் ஐம்பதாம் ஆண்டையொட்டி 2012-ல் வந்த சின்னப் பெட்டி. 130 மில்லிமீட்டர் கூம்பின் நடுவிலேயே ட்வீட்டர், அதாவது மேல் ஸ்தாயியை ஒலிக்கும் குட்டி ஸ்பீக்கர், உட்கார்ந்திருக்கும். குரலும் வயலினும் ஒரே புள்ளியிலிருந்து வருவதால் பாடகர் எங்கே நிற்கிறார் என்று விரல் நீட்டிக் காட்டலாம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் உள்ளங்கையை அழுத்தி இழுக்கும்போது வரும் கும்கி அதில் பாதிதான் வந்தது. அந்த அளவுப் பெட்டியிடம் அதற்கு மேல் கேட்பது நியாயமுமில்லை. காற்றைத் தள்ள பரப்பு வேண்டும், அவ்வளவுதான்.

ஆடிஷன் என்று கடையில் கேட்டுப் பார்க்கப் போனால் முதலில் ஏமாற்றுவது சத்தம். கொஞ்சம் கூடுதல் சத்தமாக ஒலிப்பது எதுவோ அதுவே நம் காதுக்கு உசத்தியாகத் தெரியும். அரை டெசிபெல் வித்தியாசம் சத்தமாகத் தோன்றாது, "தெளிவாக" இருக்கிற மாதிரித் தோன்றும். தவிர, சத்தம் கூடக் கூட பாஸ், அதாவது கீழ் ஸ்தாயி, நம் காதில் விகிதத்தை மீறி ஏறும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே வளைகோடு போட்டுக் காட்டிய சங்கதி இது. நான் போன கடையில் விலை கூடிய ஜோடிக்கு மாறும்போதெல்லாம் விற்பனையாளரின் விரல் வால்யூமை ஒரு நூல் ஏற்றியது. வேண்டுமென்றே செய்தாரா, பழக்கதோஷமா, சொல்லத் தெரியவில்லை. இரண்டாம் முறை போனபோது பிங்க் நாய்ஸ் (எல்லா ஸ்தாயியும் கலந்த இரைச்சல்) கோப்பு ஒன்றும் போனில் டெசிபெல் மீட்டரும் கொண்டுபோனேன். ஒவ்வொரு ஜோடியையும் நாற்காலியில் அதே அளவு வரும்படி வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பாட்டுப் போட்டேன்.

அப்போது வரிசை தலைகீழாக மாறியது. முதல் நாள் என்னை மயக்கியது ஆள் உயர ஃப்ளோர்ஸ்டாண்டர் ஒன்று. பியானோ பாலிஷ், உலோக ட்வீட்டர், தரை அதிரும் பாஸ். பாடகர் மூச்சிழுப்பது, நாக்கு அண்ணத்தைத் தொடுவது எல்லாம் கேட்டது. முதல் பத்து நிமிடம் "அடேயப்பா!" இருபதாவது நிமிடத்தில் அடுத்த பாட்டுக்குத் தாவினேன், அப்புறம் அடுத்தது. நாற்பதாவது நிமிடத்தில் காபி குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்துவிட்டேன். எழுந்தது ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. ஹார்பெத் முன்னால் அதே நாற்காலியில் ஒரு ராகத்தை ஆலாபனையிலிருந்து தனியாவர்த்தனம் வரை முழுசாகக் கேட்டிருக்கிறேன், ஒருமுறைகூட ரிமோட்டைத் தொடவில்லை.

கண்ணும் ஒரு பெரிய பொய்யன். ஃபிளாய்ட் டூல், ஷான் ஒலிவ் என்ற ஆய்வாளர்கள் 1994-ல் ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தில் இதைச் சோதித்துக் காட்டினார்கள். திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது கொடுத்த மதிப்பெண்களை, அதே ஆட்கள் அதே ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொண்டே கேட்டபோது மாற்றிவிட்டார்கள். கடையில் திரை கட்ட முடியாது. மச்சினனைக் கூட்டிப்போய், நான் கண்ணை மூடிக்கொள்ள அவனை மாற்றிவிடச் சொன்னேன். நான்கு தடவையில் மூன்று தடவை ஹார்பெத்தைக் கேட்ட பிறகுதான் "இது இருக்கட்டும்" என்றேன். நான்காம் தடவை பழைய சபலம். அறிவியல் சோதனை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பெட்டியைப் பற்றிக் கொஞ்சம். பிபிசியின் ஆய்வுப் பிரிவில் பொறியாளராக இருந்த டட்லி ஹார்வுட் 1977-ல் தொடங்கிய நிறுவனம் ஹார்பெத். அவர் பெயரில் பாதி, மனைவி எலிசபெத் பெயரில் பாதி. பெட்டி கட்டுவதில் இன்றைக்கும் பிபிசி வழிதான். பக்கப் பலகையைத் தடிமனாக்கி அசையாமல் இறுக்குவதில்லை. பலகை மெல்லிசு, உள்ளே அதிர்வை உறிஞ்சும் பூச்சு. முன்பலகையும் பின்பலகையும் திருகாணியில் நிற்கின்றன. அதிர்வை ஒழிப்பதைவிட, குரல் உலவும் இடத்துக்குக் கீழே அதைத் தள்ளிவிடலாம் என்பது கணக்கு. விரல் முட்டியால் தட்டினால் பழைய அலமாரி மாதிரி "டொக்" என்று கேட்கும். வந்தவர் எவரும் ஒருமுறை தட்டிப் பார்த்து, என்னைப் பரிதாபமாகப் பார்க்காமல் போனதில்லை. கீழ் ஸ்தாயிக்கு 200 மில்லிமீட்டர் வூஃபர், 25 மில்லிமீட்டர் ட்வீட்டர், அதற்கு மேல் 20 மில்லிமீட்டரில் ஒரு குட்டி சூப்பர் ட்வீட்டர். துணி வலையைக் கழற்றாமல் கேட்கும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். அழகுக்காகக் கழற்றி வைத்து இரண்டு வாரம் "மேல் ஸ்தாயி கொஞ்சம் குத்துதே" என்று புலம்பியவன் நான்தான்.

சரி, வீட்டுக்கு வந்த கதை. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. முதல் நாள் டபுள் பாஸ் இருக்கும் ஒரு ஜாஸ் பதிவைப் போட்டேன். ஒரு ஸ்வரம் மட்டும் பூதம் மாதிரி எழுந்து வந்து அறை முழுக்க நின்றது. பக்கத்து ஸ்வரம் வந்த சுவடே தெரியவில்லை. மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இதுக்கா இவ்ளோ காசு? அந்தக் குட்டிப் பெட்டியே நல்லா இருந்துச்சேங்க" என்றாள். பதில் சொல்ல வாய் வரவில்லை. உண்மைதானே.

மறுநாள் அளவெடுக்கும் மைக் ஒன்றை இரவல் வாங்கி, ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருளில் ஓட்டிப் பார்த்தேன். 41 ஹெர்ட்ஸில் ஒரு மலை. சுற்றியிருப்பதைவிட 12 டெசிபெல் உயரம். அறையின் நீளம் 4.2 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர், அதை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 40.8. இரு சுவருக்கும் நடுவே ஒரு அலை மோதித் திரும்பி நின்று முழங்கும் ஹெர்ட்ஸ் அதுதான். அறை தன் நீளத்தை எனக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தது. பழைய கேஇஎஃப் அவ்வளவு ஆழத்துக்கு வலுவாக இறங்காததால் அந்த அலை ஆறு வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. 40 ஹெர்ட்ஸ் வரை சளைக்காமல் இறங்கும் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து நானே எழுப்பிவிட்டேன். போதாக்குறைக்கு என் நாற்காலி பின்சுவரை ஒட்டி இருந்தது. இந்த அலைகளெல்லாம் சுவரோரம்தான் உச்சத்தில் இருக்கும். ஊதுகிற சங்கின் வாயிலேயே காதை வைத்துக்கொண்டு சத்தம் என்று குறைப்பட்டிருக்கிறேன்.

பணம் செலவாகாத வேலைதான் அதிகப் பலன் தந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன், தலைக்கும் பின்சுவருக்கும் இடையே ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும்படி. ஸ்பீக்கரை முன்சுவரிலிருந்து நகர்த்தியது இன்னும் நீண்ட வேலை. வூஃபருக்கும் சுவருக்கும் சரியாக ஒரு மீட்டர் விட்டால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி நேர் ஒலியோடு மோதி 86 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு குழி விழுகிறது. மிருதங்கத்தின் தொப்பி மெலிந்துவிட்டது. அரை அங்குலம் அரை அங்குலமாக ஒரு மாதம் நகர்த்தி, எழுபது சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் நின்றேன். தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்தேன். பக்கச் சுவரில் ஒலி முதலில் மோதும் இடத்தில் பத்து சென்டிமீட்டர் தடிமனில் ராக்வூல் பலகை இரண்டு மாட்டினேன். குரல் தெளிந்தது, ஆனால் 41 ஹெர்ட்ஸ் அசையவில்லை. அசையாது. அந்த அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல், அதற்குப் பத்து சென்டிமீட்டர் பஞ்சு எந்த மூலைக்கு? சந்தையில் "பாஸ் டிராப்" என்று கைதட்டி விற்கும் மெல்லிய ஃபோமுக்கும் இதே பதில்தான்.

நாற்காலியை நகர்த்திய பிறகும் மிச்சமிருந்த ஏழு டெசிபெல் மேட்டை, வேண்டிய ஹெர்ட்ஸை மட்டும் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரை பிளேயரிலேயே போட்டுச் சீவினேன். ஒரே ஒரு ஃபில்டர், ஐந்து டெசிபெல் இறக்கம். ஈக்வலைசரைத் தொடுவதே பாவம் என்று நினைப்பவர்களின் கூட்டத்தில் நானும் இருந்தவன்தான். இப்போது இல்லை.

நடுவில் ஒரு கூத்து. ஸ்டாண்டை மாற்றிய அன்று வலது ஸ்பீக்கரின் வயரைச் சிவப்புக்குக் கறுப்பாகச் செருகிவிட்டேன். பாட்டு அறை முழுக்கப் பரவியது! சுவரைத் தாண்டி எங்கோ வயலின். மூன்று நாள் அதைச் சிலாகித்து நண்பர்களுக்குப் போன் போட்டுச் சொன்னேன். நான்காம் நாள், இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும் ஒரு பழைய மோனோ பதிவு போட்டபோது, நடுவில் நிற்க வேண்டிய பாடகர் எங்கும் இல்லை. பாஸும் இல்லை. குனிந்து பார்த்ததும் புரிந்தது. அன்றிலிருந்து எதைத் தொட்டாலும் முதலில் மோனோ.

ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையரை (ஆம்ப்) மாற்றவில்லை. பழைய 60 வாட்டே ஓடுகிறது. வீட்டில் கேட்கும் அளவுக்குச் சராசரியாக அரை வாட் போதும். இசையின் உச்சம் சராசரியிலிருந்து 20 டெசிபெல் எகிறினால் நூறு மடங்கு, அதாவது ஐம்பது வாட். 86 டெசிபெல் திறன் (கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் என்ற அளவு) உள்ள ஸ்பீக்கருக்கு என் சின்ன அறையில் அது சமாளிக்கிறது. பெரிய கூடமாக இருந்தால் கணக்கு வேறு. கேபிள்? 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கியது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. "புது ஸ்பீக்கர் நூறு மணி நேரம் ஓடினால்தான் பழகும்" என்பதிலும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. என் விஷயத்தில் பழகியது பெரும்பாலும் காதுதான்.

இரண்டு வருடம் கழித்தும் குறைகள் உண்டு. பாடகர் நிற்கும் இடத்தை கேஇஎஃப் ஊசிமுனையில் காட்டும், இதில் அவர் ஒரு கை அகலம் பரந்துதான் நிற்கிறார். முழு ஆர்கெஸ்ட்ரா ஒன்றாக எழும்பும்போது, அந்த ஆள் உயர ஃப்ளோர்ஸ்டாண்டர் மார்பில் தள்ளிய தள்ளு இதில் கிடையாது. சிம்பொனியே மூச்சு என்பவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். 635 மில்லிமீட்டர் உயரப் பெட்டி, குட்டை ஸ்டாண்டின்மேல் கூடத்தில் இரண்டு ஸ்டூல் போட்ட மாதிரி நிற்கிறது. அதன்மேல் பூச்சாடி வைக்கலாமா என்ற கேள்வி வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

கிடைத்தது என்னவென்றால், நான் ஸ்பீக்கரைக் கேட்பதை நிறுத்திவிட்டேன். முன்பு ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தால் பத்து பாட்டின் முதல் இரண்டு நிமிடத்தைக் கேட்டுவிட்டு எழுந்திருப்பேன். இப்போது முழுக் கச்சேரி ஓடுகிறது. தனியில் மிருதங்கக்காரர் வலப்பக்கமான வலந்தலையில் சாப்பு என்ற அடியை அடக்கிவிட்டுத் தொப்பியில் ஒரு கும்கியை இழுத்து விடும்போது, தோல் இறுகி சுருதி ஏறுவது தெரிகிறது. முன்பு அந்த இடத்தில் "தும்" மட்டும்தான் இருந்தது.

ஒரே பிரச்சினை, விருந்தாளி வந்தால் நாற்காலி பின்சுவரோரம் போய்விடும். அவர்கள் கிளம்பிய பிறகு திரும்ப இழுத்துப் போட மறந்து நான் பாட்டுப் போடுவேன். 41 ஹெர்ட்ஸ் "வந்துட்டேன்" என்று எழுந்து நிற்கும். சமையலறையிலிருந்து குரல் வரும்: "நாற்காலி!"